முதலில் ஒரு பந்து வரைவோம்!



நம் பள்ளியில் படம் வரைபவர்களுக்குப் பஞ்சமே இல்லை. எந்த வகுப்பின் ரஃப் நோட்டைத் திருப்பினாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு டோரேமானோ ஒரு சின்சானோ இருக்கும். பெஞ்சைச் சுற்றி நாலு பேர் நின்று, "டேய், செமையா இருக்குடா! அப்படியே டிவியில பார்க்குற மாதிரியே இருக்கு" என்று பாராட்டுவார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் வரைந்தவரிடம், "இந்த டோரேமான் திரும்பி நின்னா எப்படி இருக்கும்? ஓடினா எப்படி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பென்சில் அப்படியே நின்றுவிடும். காரணம் என்ன? ஒரு படத்தின் கோடுகளைக் கை மனப்பாடம் செய்திருக்கிறது. அந்தத் தலை ஓர் உருண்டை, அதை எந்தப் பக்கமும் திருப்பலாம் என்பதை இன்னும் கற்கவில்லை.

"நான் அனிமேஷன் படிக்கப் போறேன்" என்று சொல்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: ஹீரோவை வரைவதற்கு முன்னால் பந்தை வரைந்து பழகுங்கள். நல்ல கம்ப்யூட்டர் கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் நோட்டின் மூலையில் இன்றைக்கே தொடங்குங்கள்.

"பந்துல என்ன பெரிசா இருக்கு? ஒரு வட்டம் போட்டா முடிஞ்சுது" என்கிறீர்களா? சரி, அந்தப் பந்தைத் துள்ள வைத்துப் பாருங்கள். அனிமேஷன் கற்பவர்களுக்குக் கொடுக்கப்படும் முதல் பயிற்சிகளில் ஒன்று இந்தத் துள்ளும் பந்துதான். பெரும்பாலானோர் பந்தைச் சம இடைவெளியில் கீழே இறக்குவார்கள். தாள்களை விசிறிப் பார்த்தால் பந்து விழாது, லிஃப்டில் இறங்குவது போல இறங்கும்! விழுகிற பொருளின் வேகம் கூடிக்கொண்டே போகும் என்று ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் படிக்கிறோம் அல்லவா? சமமான நேர இடைவெளிகளில் அது கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற கணக்கில் கூடும். கலிலியோ கண்ட கணக்கு இது.

இதை வைத்தே ஒரு பயிற்சி செய்யலாம். பழைய நோட்டிலிருந்து ஒரே அளவில் 17 தாள்கள் வெட்டி ஒரு பக்கம் பின் அடியுங்கள். எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் தரைக்கோடு போடுங்கள். முதல் தாளில் தரையிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் பந்து. அடுத்த நான்கு தாள்களில் முறையே 5, 15, 25, 35 மி.மீ. இறங்கினால் ஐந்தாம் தாளில் தரையைத் தொட்டுவிடும். பிறகு 25, 15, 5 என ஏற வேண்டும். 5, 15, 25 என இறங்க வேண்டும். அடுத்த துள்ளல் இன்னும் சிறியது: 15, 5 ஏற்றம், 5, 15 இறக்கம். கடைசியாக 5 ஏற்றம், 5 இறக்கம். அளவை எப்போதும் பந்தின் அடிப்புறத்திலிருந்து எடுங்கள். தரையைத் தொடும் தாள்களில் பந்தைக் கொஞ்சம் தட்டையாக்குங்கள். தட்டையாகும்போது பக்கவாட்டில் அகல வேண்டும், இல்லாவிட்டால் பந்து சிறுத்துப் போனதாகத் தெரியும். இப்போது தாள்களை விசிறிப் பாருங்கள். உயிர் வந்துவிட்டது!

அடுத்து அதே வட்டத்தை இரும்புக் குண்டாக மாற்ற முடியுமா? பலூனாக மாற்ற முடியுமா? முகம் இல்லை, கண் இல்லை, கலர் இல்லை. இடைவெளியை மட்டும் மாற்றி எடையைக் காட்ட வேண்டும். இது கைக்கு வந்தவர் நாளை யானையை நடக்க வைக்கலாம், பூனையைத் தாவ வைக்கலாம்.

டிஸ்னி நிறுவனத்தின் மூத்த கலைஞர்களான ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981-இல் வெளியிட்ட புத்தகத்தில் அனிமேஷனின் 12 அடிப்படைகளைத் தொகுத்தார்கள். அதில் முதலாவது, மேலே சொன்ன 'அமுங்குதலும் நீளுதலும்'தான். அதே நிறுவனத்தில் 1932-லேயே டான் கிரஹாம் என்ற ஓவிய ஆசிரியரை வரவழைத்து மாலை வகுப்பு நடத்தினார்கள். உட்கார்ந்து படித்தவர்கள் யார் தெரியுமா? ஏற்கெனவே அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த கலைஞர்கள்! அந்தப் பயிற்சிக்குப் பிறகுதான் 1937-இல் 'ஸ்னோ ஒயிட்' வந்தது. 1942-இல் வந்த 'பாம்பி' படத்துக்காக இரண்டு மான் குட்டிகளை ஸ்டூடியோவுக்கே கொண்டுவந்து, பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். அவர்களுக்கே பயிற்சி தேவைப்பட்டது என்றால் நமக்கு?

நம் நாட்டுக் கதையும் இதேதான். மும்பையில் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவு தொடங்கியபோது, 1956-இல் கிளேர் வீக்ஸ் என்ற டிஸ்னி கலைஞர் வந்து நம்மவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கே பழகியவர்களில் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் பெற்றவர் அவர். பின்னாளில் 'இந்திய அனிமேஷனின் தந்தை' என்று புகழப்பட்டு, 2014-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இன்னொன்று, நம் கண்ணை நாமே அப்படியே நம்பிவிடக் கூடாது. ஓடும் குதிரையின் முன்கால்கள் முன்னாலும் பின்கால்கள் பின்னாலும் நீண்டிருப்பதாகத்தான் ஓவியர்கள் நெடுங்காலம் வரைந்துவந்தார்கள். 1878-இல் மைபிரிட்ஜ் என்பவர் அமெரிக்காவில் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். நான்கு கால்களும் தரையை விட்டு எழும் நேரம் ஒன்று உண்டு, ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கி இருக்கின்றன என்று தெரிந்தது. நமக்குக் குதிரை தேவையில்லை. காலையில் பிரேயருக்கு நடக்கும் வரிசையைக் கவனித்தாலே போதும். கால்கள் அகன்றிருக்கும்போது தலை தாழும், ஒரு கால் மற்றொன்றைத் தாண்டும்போது தலை உயரும். இடது கால் முன்னே போனால் வலது கை முன்னே வரும். தினமும் நடக்கிறோம், ஆனால் இதைப் பார்த்தவர் எத்தனை பேர்?

செலவு என்று பார்த்தால் ஒரு ஹெச்.பி. பென்சில்தான். ஸ்கேல் இல்லாமல் ஒரு பக்கம் நேர்கோடு, ஒரு பக்கம் வட்டம். ஒரு தம்ளரைக் கண் மட்டத்தில் வைத்து ஒருமுறை, தரையில் வைத்து ஒருமுறை வரையுங்கள். அதன் வாய் எப்படி மாறுகிறது என்று தெரியும். பி.டி. பீரியடில் கபடி ஆடுபவர்களை ஆளுக்கு அரை நிமிடத்தில் கிறுக்குங்கள். ரப்பரைத் தொடக் கூடாது! தப்பான கோடு அங்கேயே இருந்தால்தான் அடுத்த கோட்டைச் சரியாகப் போடுவீர்கள்.

"இப்பல்லாம் ஏ.ஐ. இருக்கே! ஒரு வரி டைப் பண்ணினா படமும் வருது, வீடியோவும் வருது. எதுக்குக் கை வலிக்க வட்டம் போடணும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கால்குலேட்டர் வந்த பிறகும் நாம் வாய்ப்பாடு படிக்கிறோம். விடை தப்பாக வந்தால் "எங்கேயோ இடிக்குதே" என்று தோன்ற வேண்டும், அதற்காகத்தான். இயந்திரம் கொடுத்த பந்து கனமில்லாமல் மிதந்தாலோ, நடப்பவரின் கால் தரையில் வழுக்கினாலோ, அதைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். கை பழகாமல் கண் பழகாது. தவிர, 17 தாளை நாமே விசிறும்போது வருகிற சந்தோஷத்தை எந்த இயந்திரத்திடம் வாங்குவது?

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். தேர்வு நெருங்கினால் கால அட்டவணையில் முதலில் காணாமல் போவது ஓவியப் பாடவேளை. "இன்னிக்கு ட்ராயிங் கிடையாது, கணக்கு நோட்டை எடுங்க" என்று கேட்டதும் முகம் வாடும் மாணவர்கள் இங்கே இருக்கிறார்கள். போர்ஷன் முடிக்க வேண்டிய கஷ்டம் எங்களுக்கும் புரிகிறது. ஆனால் பழக்கம் இடைவெளி விட்டால் துருப்பிடிக்கும். பணம் கட்டி வெளியே வகுப்புக்குப் போக எல்லோராலும் முடியாது. அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு பாடவேளைதான். தயவுசெய்து அதை விட்டுக்கொடுங்கள். விழும் பந்தைத் தாளில் இறக்கிப் பார்த்தவர் இயக்கச் சமன்பாட்டையும் மறக்க மாட்டார்!

நண்பர்களே, சினிமாவில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்கு வைத்தாலும் நொடிக்கு 12 படம், நிமிடத்துக்கு 720 படம் வரைய வேண்டும். அவ்வளவு பொறுமை நமக்கு இருக்கிறதா என்று 17 தாளில் சோதித்துப் பார்த்துவிடலாம். அடுத்த இதழ் ஒட்டப்படும்போது இந்தப் பலகைக்குக் கீழே ஓர் ஆணியும் நூலும் இருக்கும். உங்கள் பந்து நோட்டைக் கொண்டுவந்து அதில் கட்டித் தொங்கவிடுங்கள். யாருடைய பந்து நன்றாகத் துள்ளுகிறது என்று எல்லோரும் விசிறிப் பார்ப்போம்!

— ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு