'கண்ணாடி'ன்னு எழுதினா பாதரசம் மறைஞ்சிடுமா? கலப்பு அபாயக் கழிவுக்குச் சரியான பெயர் ஏன் முக்கியம்?

2001 மார்ச். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலாங்கடை. அங்கே டன் கணக்கில் உடைந்த கண்ணாடி கிடந்தது. பார்க்க சாதாரண ஸ்கிராப் மாதிரிதான் இருந்தது. ஆனா அது வந்த இடம் ஹிந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை. கண்ணாடியோடு பாதரசமும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சுற்றுச்சூழல் அமைப்புகளும் ஊர் மக்களும் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. பாதரசம் எஞ்சியிருந்த கண்ணாடி, நடைமுறையை மீறி விற்கப்பட்டதை நிறுவனமும் ஒப்புக்கொண்டது.

2003-ல் ஆலையின் கண்ணாடித் துண்டுகள், சேறு, தெர்மாமீட்டர்கள், மிச்சமிருந்த பாதரசம் என மொத்தம் 290 டன், தூத்துக்குடி துறைமுகம் வழியாக அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனது. அங்கே பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் ஒரு நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

காயலாங்கடைக்குப் போனப்போ அதன் பெயர் கண்ணாடி. கப்பல் ஏறினப்போ பாதரசக் கழிவு. பொருள் மாறலை, பெயர்தான் மாறியது. பெயர் மாறியதும் அதைத் தொடும் முறை, ஏற்றும் வண்டி, போய்ச் சேரும் இடம் எல்லாமே மாறிவிட்டது.

கலப்புக் கழிவுன்னா என்ன?

ஒரே டிரம்மில், ஒரே மூட்டையில் பல பொருட்கள் கலந்திருப்பதுதான். அதில் பெரும்பகுதி ஆபத்தில்லாததாகக்கூட இருக்கலாம். எடை போட்டால் கொடைக்கானல் மூட்டையில் கண்ணாடிதான் அதிகம். ஆனா மனிதரைப் பாதிப்பது அந்தக் கொஞ்சூண்டு பாதரசம்.

எது அதிகமா இருக்கோ அதன் பெயரை எழுதிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. எது ஆபத்தோ அதுதான் பேப்பரில் முதலில் வரணும். நம் விதிகளின் கணக்கும் இதுதான். கழிவைச் சோதனைக்கு உட்படுத்தும்போது கசிந்து வரும் நீரில் பாதரசம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தொட்டாலே அது அபாயக் கழிவு. மீதி 99 சதவீதம் என்னவாக இருந்தாலும் சரி.

சட்டம் என்ன எழுதச் சொல்கிறது?

இந்தியாவில் 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. அதன்படி கழிவு ஆலையை விட்டுக் கிளம்பும்போது படிவம் 10 கூடவே போகணும். இதைத்தான் தொழிலில் 'மேனிஃபெஸ்ட்' என்கிறார்கள். மொத்தம் ஏழு பிரதிகள், ஏழு நிறங்கள். அனுப்புபவர், லாரிக்காரர், பெறுபவர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி நிற்கும். ஆலையில் ஏற்றிய எடையும் வகையும் பெறும் இடத்தில் ஒத்துப்போகலைன்னா அங்கேயே மாட்டிக்கும்.

கழிவின் விவரம், அளவு, எத்தனை டிரம், திடமா திரவமா சேறா, கையாளும்போது என்ன கவனம் தேவை என எல்லாம் அதில் வரணும். கடைசியில் அனுப்புபவரின் உறுதிமொழி. 'உள்ளே இருப்பதை முழுமையாகவும் துல்லியமாகவும் விவரித்திருக்கிறேன்' என்பதுதான் அதன் சாரம். கையெழுத்துப் போடுபவரின் பொறுப்பு இந்த வரியில்தான் இருக்கிறது.

இது தவிர டிரம்மின் மேல் லேபிள் வேணும். டிரைவர் கையில் படிவம் 9-ம் இருக்கணும். கசிந்தால், தீப்பிடித்தால் என்ன செய்யணும் என்று சொல்லும் 'ட்ரெம் கார்டு' அது.

ஒரு லாரியை எடுத்துக்குவோம்

ஜவ்வாது மலையில் காவலூரிலிருந்து ஆலங்காயம் வழியாகக் கீழே இறங்கினால் வாணியம்பாடி. அடுத்து ஆம்பூர். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. இங்கிருந்து ஒரு லாரி கழிவு கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பேப்பரில் 'தோல் ஆலைக் கழிவு, கலவை' என்று ஒரே வரி. இது போதுமா?

போதாது. லாரியில் இருப்பது நான்கு வகை. கழிவுநீர் சுத்திகரிப்பில் வந்த ரசாயனச் சேறு, விதிகளின் பட்டியலில் 35.3. பழைய இயந்திர எண்ணெய், 5.1. ரசாயனம் படிந்த காலி டிரம்கள், 33.1. துடைத்த துணிகள், 33.2. நான்குக்கும் தனித்தனி வரி, தனித்தனி எடை வேணும்.

ஏன் இவ்ளோ பிரிக்கணும்? தோலில் முடி நீக்க சோடியம் சல்ஃபைடு பயன்படுத்துகிறார்கள். சல்ஃபைடு உள்ள சேறு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். மூடிய இடத்தில் சில நிமிடங்களில் ஆளைக் கொல்லக்கூடியது அது. 'தோல் ஆலைக் கழிவு' என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு அமில டிரம்முக்குப் பக்கத்தில் இறக்கி வைப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

கப்பலில் போனால்?

கடல் வழி ஆபத்தான சரக்குக்கு ஐ.நா. எண் இருக்கிறது. பாதரசத்துக்கு 2809, மருத்துவக் கழிவுக்கு 3291. கழிவாகப் போகிறது என்றால் பெயருக்கு முன்னால் 'வேஸ்ட்' என்ற சொல் வரணும். தனிப் பெயர் இல்லாத கலவை என்றால் 'என்.ஓ.எஸ்.' என்ற பொதுப்பெயர் உண்டு. 'வேறெங்கும் குறிப்பிடப்படாதது' என்று அர்த்தம். ஆனா அதோடு நிறுத்தக் கூடாது. ஆபத்துக்கு முக்கியக் காரணமான பொருட்களின் பெயரைப் பக்கத்தில் எழுதணும். ஒன்றோ இரண்டோ போதும்.

பேப்பர் பொய் சொன்னால் என்ன ஆகும்?

பக்கத்து இலங்கையில் நடந்ததைப் பாருங்க. 2017 முதல் 2019 வரை பிரிட்டனிலிருந்து கொழும்புக்கு வந்த கன்டெய்னர்களின் ஆவணங்களில் பழைய மெத்தை, தரைவிரிப்பு என்று இருந்தது. சுங்கத்துறை திறந்து பார்த்தபோது மருத்துவமனைக் கழிவும் கலந்திருந்தது. மொத்தம் 263 கன்டெய்னர்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. கடைசி 45 கன்டெய்னர்கள் திரும்பக் கப்பல் ஏறியது 2022 பிப்ரவரியில்தான்.

இதற்குச் சட்ட அடிப்படை பேசல் ஒப்பந்தம். ஆவணத்தில் உள்ளதும் கன்டெய்னரில் உள்ளதும் முக்கியமான அளவில் ஒத்துப்போகாவிட்டால், அந்த ஒரு காரணத்துக்காகவே அது சட்டவிரோதக் கடத்தல். தவறு அனுப்பியவர் பக்கம் என்றால், ஏற்றுமதி செய்த நாடு திரும்ப எடுத்துக்கொள்வதை உறுதி செய்யணும்.

தெரிந்தும் ஏன் மாற்றி எழுதுகிறார்கள்?

காசுதான் முதல் காரணம். அபாயக் கழிவு என்று எழுதினால் அனுமதி பெற்ற வண்டி, அனுமதி பெற்ற மையம் என்று செலவு ஏறும். ஸ்கிராப் என்று எழுதினால் எதிரே இருப்பவர் காசு கொடுத்து எடுத்துப் போவார்.

தண்டனையும் மாறியிருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் முன்பு ஐந்து ஆண்டுவரை சிறை இருந்தது. 2024 ஏப்ரல் முதல் 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். வழக்கு வேகமாக முடியும் என்பது அரசின் வாதம். ஆனா பெரிய ஆலைக்கு 15 லட்சம் ஒரு செலவுக் கணக்கு மட்டும்தான் என்ற கேள்வியும் நியாயமானது. அப்படி ஆகும்போது பெயரைச் சரியாக எழுதவைக்கும் அழுத்தம், வாரியத்தின் சோதனையிலிருந்துதான் வரணும்.

உங்க வேலையில் இது வருமா?

ஆலை, லாஜிஸ்டிக்ஸ், லேப், துறைமுகம் எங்கே வேலை பார்த்தாலும் ஒருநாள் இந்தப் படிவம் உங்க மேசைக்கு வரலாம். கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்க:

- இதில் ஆளைப் பாதிக்கக்கூடிய பொருள் எது? அதன் பெயர் பேப்பரில் இருக்கா?
- 'கலவை', 'ஸ்கிராப்', 'இதர' என்ற சொற்களுக்குப் பின்னால் என்ன இருக்கு? லேப் ரிப்போர்ட் எங்கே?
- இந்த டிரம் நடுரோட்டில் கவிழ்ந்தால், இந்தப் பேப்பரை மட்டும் பார்த்து தீயணைப்பு வீரர் சரியா முடிவெடுக்க முடியுமா?

மூன்றில் ஒன்றுக்குப் பதில் 'இல்லை' என்றாலும் லாரி கொஞ்சம் காத்திருக்கட்டும்.