ஃபார்மட் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்...

மதுராந்தகம் ஏரிக்கரை ஓரம் கோயில் கொண்டிருக்கும் ராமருக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். பெயர்க் காரணம் அந்தப் பக்கத்துச் சின்னப் பசங்களுக்குக் கூடத் தெரியும். 1790களில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைவதும், கட்டுவதும், மறுபடி உடைவதுமாக இருந்ததாம். ஒரு நாள் ராத்திரி அடை மழை. கலெக்டருக்குத் தூக்கம் வரவில்லை, கரையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அங்கே வில்லும் அம்புமாக இரண்டு பேர் காவல் நிற்பதைப் பார்த்தார், அந்த வருஷம் கரை உடையவில்லை, நேர்ந்துகொண்டபடி தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுத்தார் என்பது கதை.

நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் விட்டுவிடட்டும். கதையில் யாரும் பெரிசாகப் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த மனுஷன் கொட்டுகிற மழையில் எழுந்து போய்க் கரையைப் பார்த்தார். "உடைஞ்சா உடையட்டும், தண்ணியை எல்லாம் வடிச்சுட்டுப் புதுசா ஏரி வெட்டிக்கலாம்" என்று சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகளில் தினமும் சொல்லப்படுவது கிட்டத்தட்ட அதுதான்.

ஒரு உதாரணத்துக்கு, உரக்கடை வைத்திருப்பவர் ஒருவர். கடைக் கணக்கு மொத்தமும் ஒரே கம்ப்யூட்டரில். கரண்ட் போய் வந்ததிலிருந்து டி டிரைவ் திறக்க மாட்டேன் என்கிறது. மகன் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறான். கடைக்காரர் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "தம்பி, ஃபார்மட் அடிச்சா சரியாயிடும். டேட்டா போயிடும், பரவாயில்லையா?" என்கிறார். மகனுக்கு என்ன தெரியும்? டாக்டரே சொல்லிவிட்ட மாதிரி தலையாட்டுகிறான். சாயங்காலம் கம்ப்யூட்டர் புத்தம் புதுசாக ஓடுகிறது. அஞ்சு வருஷக் கணக்கு காற்றோடு போச்சு. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பது காமர்ஸ் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும். "ஃபார்மட் அடிச்சுட்டாங்க சார்" என்பதை எந்த அதிகாரியும் காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கொடுமை என்னவென்றால், இந்த மாதிரி கேஸ்களில் பாதிக்கு மேல் டிஸ்க் செத்தே இருக்காது. அதில் இருக்கும் கோப்புகளின் கணக்கு மட்டும்தான் குழம்பியிருக்கும்.

அதென்ன கணக்கு? டிஸ்க்கில் ஒரு ஃபைலை சேமிப்பது ஒரே வேலை மாதிரி வெளியே தெரிகிறது. உள்ளே குறைந்தது நாலு இடத்தில் எழுதியாக வேண்டும். ஃபைலின் உள்ளடக்கம் ஒரு இடத்தில். அந்த ஃபைல் எவ்வளவு பெரிசு, எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்பது இன்னொரு இடத்தில். எந்தக் கட்டம் காலி, எந்தக் கட்டம் நிறைந்தது என்கிற பட்டியல் வேறொரு இடத்தில். எந்த ஃபோல்டரில் என்ன பெயரில் இருக்கிறது என்பது மற்றொரு இடத்தில். நாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். இரண்டை எழுதி, மூன்றாவதை எழுதும்போது கரண்ட் போனால்? ஸ்டாக் ரிஜிஸ்டரில் மூட்டை இறங்கிவிட்டது, லெட்ஜரில் பதிவே இல்லை என்கிற நிலைமைதான். டிரயல் பேலன்ஸ் ஒத்துவராது. அதற்காகக் குடோனைக் கொளுத்துவார்களா யாராவது?

ஒத்துவராத கணக்கை உட்கார்ந்து ஒத்துப் பார்க்கிற ஆடிட்டர்தான் விண்டோஸில் செக்டிஸ்க், லினக்ஸில் எஃப்.எஸ்.சி.கே. (வாயில் எஃப்-எஸ்-செக் என்றே சொல்கிறார்கள்.) இரண்டும் நேற்று வந்தவை அல்ல. செக்டிஸ்க், 1981ல் ஐ.பி.எம். பி.சி.யோடு வந்த டாஸ் காலத்திலிருந்தே இருக்கிறது. எஃப்.எஸ்.சி.கே. யூனிக்ஸ் உலகத்தில் 1970களின் கடைசியிலேயே பழக்கத்துக்கு வந்துவிட்டது. காசு கிடையாது, இண்டர்நெட் தேவையில்லை, ஏற்கெனவே உங்கள் மெஷினிலேயே இருக்கிறது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும்.

அந்தக் கறுப்புத் திரைதான் பிரச்னையே. மௌஸ் இல்லாத இடம் என்றாலே நம் ஆட்களுக்கு அலர்ஜி. விண்டோஸ் 98 காலத்தில், சரியாக ஷட்டௌன் செய்யாத மெஷின் அடுத்த முறை நீலத் திரையில் ஸ்கேன்டிஸ்க் ஓட்டும். பிறகு வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில், "டிஸ்க்கைச் சோதிக்க வேண்டாம் என்றால் பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள்" என்று வரும். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்தவன் என்ன செய்வான்? எண்டர் பட்டன் தேயத் தேய அழுத்துவான். :) அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதைக் கற்றுக்கொள்ள ஒரு அருமையான சந்தர்ப்பம் வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டம். அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது, சென்னையிலேயே வளர்ந்த சரக்கு. பிளஸ் டூ பையன் ஒருவன் கையில் செக்டிஸ்க்கும் எஃப்.எஸ்.சி.கே.யும் சேர்ந்தே வந்து விழுந்தன. பல பேர் செய்த முதல் வேலை என்ன? பாஸ் இருந்த பார்ட்டிஷனை அழித்துப் படம் வைக்க இடம் பிடித்ததுதான். 2012ல் சென்னையைத் தாண்டினாலே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. லேப்டாப்புக்குப் பேட்டரி உண்டு, சரி. அந்தப் பேட்டரியும் தீர்ந்து பொசுக்கென்று அணைந்தால் அதே கதைதான். டிஸ்க் சோதனை கற்றுக்கொள்ள அதைவிடப் பொருத்தமான காலம் வேறு கிடையாது. இயந்திரத்தைக் கொடுத்த அரசைக் குறை சொல்ல முடியாது. அதைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு பீரியட் எடுத்த பள்ளிக்கூடம் எத்தனை இருக்கும்?

2018ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பு கணினிப் புத்தகத்தில் உபுண்டு பற்றித் தனிப் பாடமே வந்தது. நல்ல விஷயம். ஆனால் ஐகானை எங்கே சொடுக்குவது என்பதோடு ஒரு பாடம் நின்றுவிட்டால் அது பழுதான அன்றைக்கு உதவாது. மெஷின் முழுசாக எழுந்திருக்காத அன்று ஐகானே வராது, கறுப்புத் திரை மட்டும்தான் வரும்.

எஃப்.எஸ்.சி.கே. ஓடுவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். லினக்ஸில் பரவலாக இருக்கும் ஈ.எக்ஸ்.டி. வகை டிஸ்க் என்றால் ஐந்து சுற்று சுற்றும். முதல் சுற்றில் ஒவ்வொரு ஃபைலின் குறிப்பையும் எடுத்து, அது சொல்லும் கட்டங்களும் அளவும் சரியா, ஒரே கட்டத்தை இரண்டு ஃபைல் சொந்தம் கொண்டாடுகிறதா என்று பார்க்கும். இரண்டாவதில் ஃபோல்டர்கள். மூன்றாவதில் எல்லா ஃபோல்டரும் வேரோடு இணைந்திருக்கிறதா என்கிற சோதனை. நான்காவதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் எத்தனை பெயர் என்கிற எண்ணிக்கை. ஐந்தாவதில் காலி இடத்தின் மொத்தக் கூட்டல். வரிசையைப் பாருங்கள், சின்ன வவுச்சரில் ஆரம்பித்து மொத்தக் கூட்டலில் முடிகிறது. இதைத்தானே ஆடிட்டிங் வகுப்பில் மூன்று யூனிட்டாகப் படிக்கிறார்கள்?

யாருக்குச் சொந்தம் என்றே தெரியாத ஃபைல்களை அது தூக்கி எறிவதில்லை. லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்ட் என்று ஒரு ஃபோல்டரில் நம்பர் போட்டு வைக்கும். விண்டோஸ் அதையே ஃபவுண்ட் என்று பெயரிட்ட ஃபோல்டரில், சி.எச்.கே. என்று முடியும் பெயர்களில் வைக்கும். சந்தேகமே இல்லாமல் அது சஸ்பென்ஸ் அக்கவுண்ட். பொறுமையாக ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் தொலைந்ததாக நினைத்த கணக்கு அதில் இருக்கலாம். அந்தப் பெயரைப் பார்த்து வைரஸ் என்று பயந்து அழித்தவர்கள் உண்டு.

"இப்பத்தான் ஜர்னலிங் எல்லாம் வந்துடுச்சே, எதுக்கு இதெல்லாம்?" என்று கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வாஸ்தவம். 1993ல் வந்த என்.டி.எஃப்.எஸ்., 2001ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த ஈ.எக்ஸ்.டி.3, அதற்குப் பிறகு வந்த ஈ.எக்ஸ்.டி.4 எல்லாம், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு ஜர்னலில் குறித்துவிட்டுத்தான் மற்ற இடத்தில் எழுதும். (பெயரைப் பாருங்கள், நம்ம ஊர் குறிப்பேடு!) கரண்ட் போய் வந்தால் குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்தைச் சரி செய்துகொள்ளும். முன்பு மணிக்கணக்கில் நடந்த சோதனை சில விநாடியில் முடிவது இதனால்தான். ஆனால் பொதுவாக அந்தக் குறிப்பேட்டில் ஏறுவது ஃபைல் பற்றிய விவரம்தான், ஃபைலின் உள்ளடக்கம் இல்லை. டிஸ்க்கே ஒரு கட்டத்தைத் தப்பாகத் திருப்பிக் கொடுத்தால் ஜர்னல் ஒன்றும் செய்யாது. அதைவிட முக்கியம், ஊர் முழுக்கச் சுற்றும் பென் டிரைவ்கள். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் வகைகளில் ஜர்னலே கிடையாது. ஜெராக்ஸ் கடையில் பிராஜெக்ட் பிரிண்ட் எடுத்துவிட்டு வெடுக்கென்று பிடுங்கும் பென் டிரைவ் எந்தப் பாதுகாப்பும் இல்லாதது. பைனல் இயர் மாணவர்கள் மார்ச் மாதத்தில் அழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

(பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அது வேறு கேஸ். வைரஸ் ஃபைல்களை மறைத்து வைத்திருக்கும், அவ்வளவுதான். அதற்கு அட்ரிப் என்கிற இன்னொரு கட்டளை இருக்கிறது. செக்டிஸ்க் உதவாது, ஃபார்மட்டும் தேவையில்லை.)

இவ்வளவு பாராட்டிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. இந்தக் கருவிகள் கணக்கை ஒத்துப்போக வைக்கும், தொலைந்த பணத்தைக் கொண்டுவராது. பாதி எழுதின ஃபைலை, பாதியோடு நறுக்கி "சரி" என்று முத்திரை குத்திவிடும். அதனால்தான் எடுத்தவுடனே ரிப்பேர் செய்யச் சொல்லக் கூடாது. செக்டிஸ்க்கை டிரைவ் எழுத்தோடு மட்டும் கொடுத்தால் வெறுமனே பார்த்துச் சொல்லும், எதையும் தொடாது. சாய்கோடு போட்டு எஃப் சேர்த்தால்தான் கை வைக்கும். ஆர் சேர்த்தால் கெட்டுப்போன கட்டங்களையும் தேடும், டிஸ்க் முழுக்க ஒரு இடம் விடாமல் படிக்கும். டிஸ்க் டிக்டிக் என்று சத்தம் போடுகிற நிலைமையில் அதைச் செய்வது, நெஞ்சு வலிக்காரரை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வது மாதிரி. அங்கே முதலில் டிடிரெஸ்க்யூ மாதிரி ஒரு கருவியால் டிஸ்க்கை அப்படியே வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துவிட்டு, பிரதியின் மேல்தான் ரிப்பேரைப் பார்க்க வேண்டும். லினக்ஸில் என் என்கிற எழுத்தைச் சேர்த்தால் எல்லாக் கேள்விக்கும் "வேண்டாம்" என்று பதில் சொல்லிக்கொண்டே போகும், ஒய் சேர்த்தால் எல்லாவற்றுக்கும் "சரி". இரண்டாவதை அவசரத்துக்குப் பயன்படுத்தி அனுபவித்தவர்கள் நிறைய. ஓடிக்கொண்டிருக்கும், அதாவது மவுண்ட் ஆகியிருக்கும் டிஸ்க்கில் எஃப்.எஸ்.சி.கே. ரிப்பேர் ஓட்டுவது, வியாபாரம் நடக்கும்போதே கல்லாவை எண்ணுவது. இருந்ததும் கெடும்.

ஃபார்மட் அடிக்கும் கடைக்காரரையும் ஒரேயடியாகத் திட்ட முடியாது. ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட ஒரு மணி நேரம். பிரதி எடுத்து, சோதித்து, சஸ்பென்ஸ் அக்கவுண்டைப் பிரித்துப் பார்க்க ஒரு நாள் ஆகும். இரண்டுக்கும் ஒரே முந்நூறு ரூபாய்தான் தருவோம் என்றால் அவர் எதைச் செய்வார்? பேரம் பேசும்போது நாம் குறைப்பது அவருடைய கூலியை இல்லை, நம்முடைய கணக்குக்கு அவர் செலவழிக்கும் நேரத்தை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மதுராந்தகம் ஏரிக் கரையை, மதகை, கலங்கலைப் பார்க்க நீர்வளத் துறை ஆட்கள் வருவார்கள். எலி வளை தெரிந்தால் அப்போதே அடைப்பார்கள். ஒரு கூடை மண்ணோடு முடிகிற வேலை. ஏரி 23 அடி நிரம்பிக் கிளியாற்றுக்குத் தண்ணீர் திறக்கும் நேரத்தில் அதே வளையை அடைக்க எத்தனை மணல் மூட்டை வேண்டியிருக்கும் என்பது கரையோரக் கிராமத்துக்காரர்களுக்குத் தெரியும்.

கடைக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், கொடுப்பதற்கு முன்னால் மூன்றே கேள்வி கேட்டுப் பாருங்கள். "அண்ணே, டிஸ்க் கெட்டிருக்கா, இல்ல ஃபைல் சிஸ்டம் மட்டும் குழம்பியிருக்கா?" "கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்துடுவீங்களா?" "செக்டிஸ்க் என்ன சொல்லுச்சுன்னு காட்ட முடியுமா?" மூன்றாவது கேள்விக்கு முகத்தைச் சுளிக்காமல் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டுகிற கடைக்காரர் கிடைத்தால், கூட இருநூறு ரூபாய் கேட்டாலும் கொடுத்துவிடலாம்.