இராவணனிடம் வயலினை ஒப்படைக்கும் அவசரம்

வயலின் பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும் சற்று நேரத்தில் ஒருவர் குறுக்கிட்டு, அது இராவணன் வாசித்த கருவிதான், நம்மிடமிருந்துதான் ஐரோப்பா போயிற்று என்று அறிவித்துவிடுகிறார். கைதட்டல் கிடைக்கிறது, உரையாடல் அத்துடன் முடிகிறது. தீவிர இலக்கியம் வாசிப்பவர்கள் கூடும் இடங்களிலும் இதுவே நிலை என்பதால்தான் இதை எழுத நேர்கிறது.

முதலில் இந்தப் பெருமிதம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பிரெஞ்சுப் பயணி பியர் சொன்னரா 1782இல் வெளியான தம் நூலில் இந்தியாவில் கண்ட 'ராவணாஸ்த்ரோன்' என்னும் வில்வாத்தியத்தைக் குறிப்பிட்டார். பெல்ஜிய இசையறிஞர் ஃபெட்டிஸ் 1856இல் ஸ்ட்ராடிவாரி பற்றி எழுதிய நூலில் அக்கருவியைக் கொண்டு, வில்வாத்தியங்களின் தாயகம் இந்தியாவே என்று நிறுவ முனைந்தார். ஆக, நாம் மார்தட்டும் 'தொன்மை' ஐரோப்பிய நூலகத்திலிருந்து இரவல் வாங்கியது. ஐரோப்பாவை வெல்வதற்கு ஐரோப்பியர் ஒருவரின் சான்றிதழையே நீட்டுகிறோம். அதன் வேடிக்கையும் நமக்கு உறைப்பதில்லை.

சான்றுகள் சொல்வது வேறு. தந்தியை வில்லால் தேய்த்து வாசிக்கும் முறைக்கான தெளிவான தடயங்கள் 10ஆம் நூற்றாண்டளவில் மத்திய ஆசியாவிலும் அராபிய, பைசாந்திய நிலங்களிலும் கிடைக்கின்றன. வில்லில் கட்டப்படுவது குதிரைமயிர் என்பதை நினைத்தால், குதிரையோடு வாழ்ந்த மக்களிடம் அது தோன்றியிருக்கும் என்பதில் வியப்பில்லை. அடுத்த நூற்றாண்டில் வில் ஐரோப்பாவில் பரவியது. ரபாப், ரெபெக், ஃபிடில், லிரா ட பிராச்சோ எனப் பல கருவிகள் வந்தன. அவற்றின் கூறுகளை எடுத்துக்கொண்டு 16ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் வட இத்தாலியில் வயலின் உருப்பெற்றது. சரோன்னோ தேவாலயக் குவிமாடத்தில் 1530களின் நடுவில் கௌதென்சியோ ஃபெர்ராரி வரைந்த வானவர் கூட்டத்தில் அக்குடும்பத்துக் கருவிகளைக் காணலாம். கிரெமோனாவின் ஆந்திரேயா அமாதி 1560களில் பிரான்சின் ஒன்பதாம் சார்லஸ் அரசவைக்குச் செய்தளித்தவற்றில் சில இன்றும் உள்ளன.

'வில் கிழக்கிலிருந்துதானே போயிற்று, பிறகென்ன?' என்று கேட்பார்கள். போயிற்று. ஆனால் கிழக்கு என்பது நம் பாட்டன் சொத்தன்று. வில் மட்டுமே வயலினும் அன்று.

வயலின் எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுப்பார்த்தால் இது விளங்கும். ரோசின் பூசிய மயிர் தந்தியைப் பற்றி இழுக்கிறது, ஓர் எல்லைக்கு மேல் தந்தி நழுவி மீள்கிறது, மீண்டும் பற்றப்படுகிறது. 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் தந்தியில் இப்பற்றலும் நழுவலும் நொடிக்கு 440 முறை நிகழ்கின்றன. தந்தி மெல்லிய வளைவாக அசைகிறது என்று நம் கண் சொல்லும். உண்மையில் அது ஒரு முனையில் சந்திக்கும் இரு நேர்கோடுகளாக நிற்கிறது, அம்முனை தந்தி நெடுக ஓடித் திரும்புகிறது என்று 1860களில் காட்டினார் ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஆயினும் மெலிந்த தந்தியால் காற்றைப் போதிய அளவு அசைக்க முடியாது. அதன் துடிப்பைக் குதிரை என்னும் மரத்துண்டு ஸ்ப்ரூஸ் மேற்பலகைக்குக் கடத்துகிறது. மேற்பலகைக்கும் மேப்பிள் அடிப்பலகைக்கும் இடையே, பசையின்றி, அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது ஒரு சிறு குச்சி. இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் அதை 'ஆன்மா' என்றே அழைக்கிறார்கள். அது குதிரையின் ஒரு காலுக்கு ஊன்றுகோலாக, மறுகால் பலகையை ஆட்டுகிறது; உள்ளிருக்கும் காற்று இரு துளைகள் வழியே மூச்சுவிடுகிறது. செதுக்கி வளைத்த பலகைகளும் ஆன்மாவும் கூடிய இந்த ஏற்பாடுதான் வயலின்.

இராவணஹத்தா வேறு வகையான கருவி. தேங்காய்ச் சிரட்டை, அதன்மேல் தோல், மூங்கில் தண்டு. இராஜஸ்தானத்துப் போபாக்கள் பாபூஜியின் காவியத்தை இரவு முழுவதும் பாடுவது அதன் துணையோடுதான். தனக்கெனக் காவியம் ஒன்றைத் தாங்கி நிற்கும் அக்கருவியை 'வயலினின் மூதாதை' என்று சொல்லும்போது நாம் அதை உயர்த்தவில்லை. வெள்ளையன் வீட்டுக் கருவிக்கு உறவு என்பதால் மட்டுமே அதற்கு மதிப்பளிக்கிறோம். அந்தப் போபாவின் பாட்டைக் கேட்க நம்மில் எத்தனை பேர் முயன்றிருக்கிறோம்?

குலம் கோத்திரம் தேடும் இந்தப் பழக்கத்துக்கு வயலின் பிறந்தபோதே பதில் சொல்லியிருக்கிறது. 1556இல் லியோனில் வெளியான ஜாம்ப் தெ ஃபெரின் நூல், வயோல் கனவான்கள் பொழுதுபோக்க வாசிப்பது, வயலினோ நடனத்துக்கும் திருமணத்துக்கும் பிழைப்புக்காக வாசிப்பவர்களின் கருவி என்று பிரித்துவைக்கிறது. பிறப்பால் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட கருவிதான் பின்னர் அக்கண்டத்தின் இசையையே ஆண்டது.

நமக்கு உண்மையிலேயே பெருமைப்பட ஒன்று உண்டு. அதைத்தான் இராவணக் கதை மறைத்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும், அந்நியம் என்று தெரிந்தே இக்கருவியைக் கையிலெடுத்தார்கள். ஐரோப்பிய அமைப்பில் உடலை ஏறத்தாழ அப்படியே விட்டுவிட்டு, வாசிப்பை மாற்றியது நம் மரபு. தரையில் அமர்ந்து, கருவியின் தலையை வலப்பாதத்தில் ஊன்றியதால் இடக்கை அதைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டது. தந்திமேல் தடையின்றி வழுக்கிச் சென்று கமகம் பேசியது. நான்கு தந்திகளும் ச-ப-ச-ப எனச் சுருதி மாறின. இரண்டு நூற்றாண்டுகளில் அது இல்லாத கச்சேரியே அரிது என்றாயிற்று.

எல்லாம் நம்மிடமிருந்தே போயிற்று என்று சாதிப்பவர்கள், அந்த இருவரும் செய்ததை அறியாமலே ஒன்றுமில்லாமல் ஆக்குகிறார்கள். ஏற்கெனவே நம்முடையதாக இருந்ததைத் திரும்ப வாங்கியதில் என்ன படைப்பூக்கம் இருக்க முடியும்? அந்நியத்தைக் கேட்டு, கற்று, தன் இசைக்கு வளைத்துக்கொள்ளும் துணிவே ஒரு பண்பாடு உயிரோடிருப்பதன் அடையாளம். மூதாதையைப் புனைந்து கைதட்டல் வாங்குவதைவிட, அந்தத் துணிவைக் கேட்பதற்கு ஒரு மணிநேரம் செவி கொடுப்பது மேலானது.