ஆட்டத்தில் ஓர் இடம்



பல ஆண்டுகளுக்கு முன்பு என் வகுப்பில் கால் ஊனமுற்ற மாணவன் ஒருவன் பயின்றான். உடற்கல்வி வேளையில் அவனை நிழலில் அமர்த்தி, மற்றவர்களின் தண்ணீர்ப் புட்டிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். அதனைக் கருணை என்றே எண்ணியிருந்தேன். அமெரிக்கச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து வீராங்கனை ஸ்டெஃபனி வீலரைப் பற்றிப் படித்தபோதுதான் அக்கருணையின் குறை எனக்குப் புலப்பட்டது.

சிறு வயதிலேயே கார் விபத்தில் நடக்கும் ஆற்றலை இழந்தவர் வீலர். 2004இல் ஏதென்ஸிலும் 2008இல் பெய்ஜிங்கிலும் நடைபெற்ற பாராலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற அமெரிக்க மகளிர் அணியில் அவர் ஆடினார். பின்னர் அதே அணியின் தலைமைப் பயிற்றுநரானார். 2016இல் ரியோவில் அவ்வணி இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 62–45 என்ற கணக்கில் வென்று மீண்டும் தங்கம் பெற்றது.

இவ்விளையாட்டில் கூடையின் உயரம் குறைக்கப்படுவதில்லை; வழக்கமான கூடைப்பந்தில் உள்ள அதே 3.05 மீட்டர்தான். ஆனால், அருமையான விதி ஒன்று உண்டு. உடல் இயக்கத் திறனுக்கேற்ப ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 1.0 முதல் 4.5 வரை புள்ளி வழங்கப்படும். களத்தில் உள்ள ஐவரின் மொத்தப் புள்ளி 14ஐத் தாண்டக்கூடாது. எனவே, திறன் மிகுந்தவர்களை மட்டும் கொண்டு எந்தப் பயிற்றுநரும் அணி அமைக்க இயலாது. இயக்கம் குறைந்தவர் தம் நாற்காலியால் எதிரணியினரை மறித்து வழி உண்டாக்குவார்; அவ்வழியே சென்று மற்றவர் பந்தைக் கூடைக்குள் போடுவார். அங்கே இரக்கத்தால் எவருக்கும் இடம் தரப்படுவதில்லை. அவர் இல்லாமல் அணியே இல்லை.

நம் பள்ளிகளில் நாம் செய்வது என்ன? பிள்ளைக்கேற்ப விதியை மாற்றாமல், பிள்ளையையே ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுகிறோம். விலக்குக் கேட்டுக் கடிதம் எழுதும் பெற்றோரின் அச்சம் எனக்குப் புரிகிறது. மருத்துவரின் ஆலோசனையையும் மதிக்கவே வேண்டும். எனினும், கடிதம் எழுதுமுன் பிள்ளையின் விருப்பத்தை ஒருமுறை கேளுங்கள். ஆசிரியர்களாகிய நாமும், "இவனால் என்ன முடியாது?" என்று கேட்பதை விடுத்து, "இவன் ஆடுவதற்கு எந்த விதியை மாற்றலாம்?" என்று சிந்திப்போம்.

ஒருநாள் ஆட்டம் முடிந்ததும், யார் எங்கே தவறு செய்தார்கள் என்று அம்மாணவன் வரிசையாகச் சொன்னான். நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன். ஒரு பயிற்றுநரின் கண் அவனுக்கு இருந்திருக்கலாம். நானோ அவனைத் தண்ணீர்ப் புட்டிகளுக்குக் காவல் வைத்தேன்.