சார்ஜிங் பின் போனால் ஸ்பீக்கரே போயிற்றா?

பழுதுபார்த்தல் குறித்துக் கருத்தரங்கம் நடத்தும் பல்கலைக்கழகத் துறைகள் நம் நாட்டில் உண்டு. ‘ஜுகாட்’ என்ற இந்திச் சொல்லைத் தலைப்பில் தாங்கிய கட்டுரைகளும் உண்டு. ஆனால் அதே துறைகளின் அலமாரியில், மின்னேற்றத் துளை தளர்ந்த ஒரே காரணத்துக்காக ஒதுக்கப்பட்ட புளூடூத் ஸ்பீக்கரை 250 ரூபாய் செலவழித்துச் சரிசெய்ய நமக்கு வழியில்லை. 4,000 ரூபாய் கொடுத்துப் புதிது வாங்க வழியுண்டு. இந்த முரண் தற்செயலானது அன்று. விதிகளாலும் பழக்கங்களாலும் நாமே கட்டிக் காத்துவரும் ஏற்பாடு அது என்பதே என் வாதம்.

மொழியியல் துறைக்கு ஸ்பீக்கர் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு விளக்கம். எழுத்துமரபு இல்லாத மொழிகளை ஆவணப்படுத்தும்போது, பதிவுசெய்த கதையை அம்மொழியைப் பேசுவோரிடமே மீண்டும் ஒலிக்கவிட்டு, தொடர் தொடராக நிறுத்திப் பொருள் கேட்டு எழுதுகிறோம். ஹெட்போன் ஒருவர் காதுக்கு மட்டுமே உதவும். முற்றத்தில் கூடியிருக்கும் ஐந்து முதியவர்கள் சேர்ந்து கேட்டு, “அவர் சொன்னது அதுவன்று” என்று ஒருவரையொருவர் திருத்த வேண்டுமானால் ஸ்பீக்கர் வேண்டும். மின்சாரம் வந்து வந்து போகும் ஊரில் அது பேட்டரியில் ஓடவும் வேண்டும். அதன் சார்ஜிங் பின் பழுதானால் அன்றைய ஆய்வே நின்றுபோகிறது.

அப்படி நின்ற ஒரு கருவியைக் கடந்த ஆண்டு தில்லியில் உள்ள ஓர் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்கு எடுத்துச் சென்றேன். அவர்கள் அதைத் திறக்கவே இல்லை. “இந்த மாடலுக்குத் தனிப் பாகம் வராது, பழையதைக் கொடுத்தால் புதியதில் தள்ளுபடி தருவோம்” என்றார்கள். நேரு பிளேஸில் மேசையளவே இடம் கொண்ட ஒரு கடையில் ஒருவர் நாற்பது நிமிடத்தில் அதைச் சரிசெய்தார். கூலி 250 ரூபாய். கையால் எழுதிய ரசீதும் தந்தார். ஜிஎஸ்டி எண் இல்லை என்று கணக்குப் பிரிவு அந்த ரசீதைத் திருப்பியனுப்பியது. பணம் என் சட்டைப்பையிலிருந்து போனது. அது பெரிய இழப்பில்லை. “இதற்கு ஏன் இவ்வளவு அலைகிறீர்கள்? புதிதாக ஒன்று கேட்டு எழுதுங்கள்” என்று நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட அறிவுரைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

முதலில், எது பழுதாகிறது என்பதைப் பார்ப்போம். ‘போர்ட் போய்விட்டது’ என்ற ஒரே தீர்ப்புக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, அழுக்கு. பையிலும் சட்டைப்பையிலும் உதிரும் நூல்தூசி துளையின் அடியில் படிந்து இறுகுகிறது. கேபிள் முழுதாக உள்ளே போவதில்லை. ஆட்டினால் மின்னேறும், விட்டால் நிற்கும். கருவியை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுத்தாலே பலவற்றுக்கு உயிர் வந்துவிடும். உலோக ஊசி மட்டும் கூடாது.

இரண்டு, பழுதே இல்லாத பழுது. டைப்-சி முறையில், எதிர்முனையில் 5.1 கிலோ ஓம் மின்தடை இருப்பதை உணர்ந்த பிறகே டைப்-சி சார்ஜர் மின்சாரம் தரும். அந்தச் சிறு மின்தடைகளைச் சில மலிவுத் தயாரிப்புகளில் மிச்சம் பிடிப்பதற்காக விட்டுவிடுகிறார்கள். அத்தகைய ஸ்பீக்கர், இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் ஒருபோதும் மின்னேறாது. பழைய டைப்-ஏ முனை கொண்ட கேபிளில் ஒழுங்காக ஏறும். பயனர் தம் ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று நினைக்கிறார். உண்மையில் அது பிறக்கும்போதே அக்குறையோடு பிறந்தது.

மூன்று, சால்டர் விரிசல். கேபிள் பக்கவாட்டில் இழுபடும்போதும், மின்னேறிக்கொண்டிருக்கும் கருவி கீழே விழும்போதும், துளையின் உலோகக் கூட்டைப் பலகையோடு பிணைக்கும் கால்கள் விடுபடுகின்றன. நான்கு, ஈரம் புகுந்து ஏற்படும் பச்சை அரிப்பு. ஐந்து, பழி போர்ட் மீது, குற்றம் வேறிடத்தில். துளை வழியே 5 வோல்ட் பலகைக்குள் வந்துசேர்கிறதா என்று மல்டிமீட்டரை வைத்தால் தெரிந்துவிடும். வருகிறது என்றால் குற்றவாளி மின்னேற்றச் சில்லோ பேட்டரியோதான்.

நேரு பிளேஸ் கடைக்காரர் செய்ததும் இவ்வளவே. திருகுகளைக் கழற்றி முதலில் பேட்டரி இணைப்பை எடுத்தார். மீட்டர் வைத்தார். உருப்பெருக்கியில் பார்த்து, விடுபட்ட காலைக் காட்டினார். பழைய துளையை வெப்பக்காற்றால் நீக்கி, இடத்தைத் துடைத்து, ஃபிளக்ஸ் தடவிப் புதியதை வைத்தார். கிழிந்திருந்த ஒரு தடத்துக்குப் பதிலாக மயிரிழைக் கம்பி ஒன்றை இழுத்தார். பாகத்தின் விலை சில ரூபாய். மீதிக் கூலி அனைத்தும் அறிதலுக்கு உரியது. அறிவுக்கு மதிப்பளிப்பதாகச் சொல்லும் நிறுவனம் அந்தக் கூலியைத்தான் ‘செல்லாத ரசீது’ என்கிறது.

இனி, “இவை எல்லாம் தேயும் பொருள்கள்தானே, தேய்ந்தால் வீசத்தானே வேண்டும்?” என்ற கேள்விக்கு வருவோம். டைப்-சி இணைப்பு 10,000 முறை செருகி எடுப்பதைத் தாங்கும் அளவுக்கு வரையறுக்கப்பட்டது. நாளுக்கு ஒருமுறை என்றால் 27 ஆண்டுகள். அதற்கு முந்தைய மைக்ரோ யூஎஸ்பியை வடிவமைத்தவர்கள், அதிகம் தேயும் வில்பகுதியைத் துளையில் வைக்காமல் கேபிள் முனையில் வைத்தார்கள். தேய்வது கேபிளாக இருக்கட்டும், அதை மாற்றுவது எளிது என்ற தெளிவான சிந்தனை அதில் இருந்தது. தரநிலையை எழுதியவர்களுக்கு இருந்த அந்தக் கரிசனம் பொருளைத் தயாரித்தவர்களுக்கு இல்லை. அடிபடும் உறுப்பு என்று தெரிந்தே சார்ஜிங் துளையை முதன்மைப் பலகையில் சால்டர் செய்து, பலகையைப் பசையால் ஒட்டிய கூட்டுக்குள் அடைக்கிறார்கள். பல கைப்பேசிகளில் இருப்பதுபோல அதை ஒரு தனிச் சிறு பலகையில் வைத்து, இரண்டு திருகில் பொருத்தியிருந்தால், மாற்றுவது பத்து நிமிட வேலை. வைக்காதது ஒரு முடிவு. அதன் பயன் தயாரிப்பாளருக்கு. அதன் சுமை நமக்கு.

நீர்புகாமைக்காகவே ஒட்டுகிறோம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஐபிஎக்ஸ்7 என்ற தரம், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவதைக் குறிக்கும். ரப்பர் வளையமும் திருகும் கொண்டே நீரைத் தடுக்க முடியும் என்பதைக் கைக்கடிகாரம் செய்வோர் நெடுங்காலமாக மெய்ப்பித்து வருகிறார்கள். நீரைத் தடுக்கும் பசை பழுதுபார்ப்பவரையும் சேர்த்துத் தடுக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாததன்று.

என் துறை சார்ந்து ஒன்று சொல்ல வேண்டும். சொற்பிறப்பைக் காட்டி உலக நடப்பை நிறுவக்கூடாது என்பது மொழியியலின் பாலபாடம். நான் நிறுவவில்லை, வழக்கை மட்டும் சுட்டுகிறேன். தமிழில் பழுதை ‘நீக்குகிறோம்’ என்பதைவிடப் ‘பார்க்கிறோம்’ என்பதே பெருவழக்கு. வைத்தியம் பார்த்தல், பேறுகாலம் பார்த்தல், பழுதுபார்த்தல்: மூன்றிலும் ‘பார்’ என்பது கண்ணால் காண்பதோடு நில்லாமல், அருகிருந்து கவனிப்பதையும் குறிக்கிறது. பேச்சுத்தமிழ் இன்னும் ஒரு படி மேலே போய், ‘ரேடியோ ரிப்பேர்’ என்கிறது. அங்கே ரிப்பேர் என்பது கெட்டுப்போன நிலையின் பெயர். சரிசெய்யும் செயலின் பெயரும் அதுவே. கெட்டது என்றாலே சரிசெய்ய வேண்டியது என்ற அனுமானம் அந்த வழக்கில் உறைந்திருக்கிறது. தில்லிக் கடைக்காரர் சொல்லும் ‘மரம்மத்’தும், ஏரிகளை ஊரார் கூடிப் பேணியதற்கு நாம் வைத்த ‘குடிமராமத்து’ என்ற பெயரில் உள்ள மராமத்தும் ஒரே அரபுச் சொல்லின் வழிவந்தவை. இத்தனை சொற்களை வைத்திருக்கும் நாம், இன்று நம் கோப்புகளில் எழுதும் சொல் ‘கழிவு செய்யப்பட்டது’ என்பது. அந்தச் சொல்லை எழுதுமுன் கருவியை எவரும் திறந்து பார்த்தார்களா என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

சட்டத்தின் நிலை என்ன? ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்து 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று இணையவாசல் ஒன்றையும் திறந்தது. தகவல் தருவது நல்லதே. ஆயினும் பாகம் தர மறுக்கும் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்பனைக்கு வரும் கையடக்க ஸ்பீக்கர்களுக்கு டைப்-சி கட்டாயம். துளையின் வடிவத்துக்குச் சட்டம் உண்டு. ஆனால் அதே ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய பழுதுபார்ப்பு நெறியாணையின் பொருள் பட்டியலில் கைப்பேசி இருக்கிறது, சலவை இயந்திரம் இருக்கிறது, ஸ்பீக்கர் இல்லை. சிறிய, மலிவான பொருள்கள் எங்கும் சட்டத்தின் கண்ணில் கடைசியாகவே படுகின்றன. எண்ணிக்கையில் பெருகுவனவும் குப்பையில் முதலில் விழுவனவும் அவைதாம்.

எதிர்வாதங்கள் இரண்டை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். லித்தியம் பேட்டரி ஆபத்தானது என்பார்கள். உண்மை. உப்பிய பேட்டரியை மீண்டும் மின்னேற்றவோ, எதையும் துளைக்கவோ கூடாது. ஆனால் ஆபத்தானது என்பது தெரிந்தவரிடம் கொடுக்கவும், தெரிந்துகொள்ளவும் காரணமாகுமே தவிர, குப்பையில் எறியக் காரணமாகாது. எறியப்பட்ட பேட்டரி போய்ச்சேரும் சீலம்பூர் போன்ற இடங்களில் அதைப் பிரிப்பவருக்குக் கையுறைகூட இருப்பதில்லை. நம் வளாகத்திலிருந்து வெளியேறியதால் ஆபத்து மறைந்துவிடவில்லை. அது வேறொருவர் கைக்கு மாறியது.

மற்றொன்று, நான் தெருவோரத் தொழிலை மிகையாகப் போற்றுகிறேன் என்பது. இந்தக் குற்றச்சாட்டு என்னைவிட ‘ஜுகாட்’ கட்டுரைகளுக்கே பொருந்தும். ஈயப்புகை நடுவே, காப்பீடின்றி, நிலையற்ற வருமானத்தில் நடக்கும் வேலை அது. அதை ‘இந்தியப் படைப்பூக்கம்’ என்று பாராட்டிவிட்டுக் கூலியை மறுப்பது எளிது. நான் கேட்பது பாராட்டை அன்று; 250 ரூபாய்க்கு ஒரு செல்லுபடியாகும் வவுச்சரை.

அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. தில்லி உட்பட பெரும்பாலான மாநிலங்களில், ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவைத் தொழிலர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை என்று சட்டமே விலக்களித்திருக்கிறது. சட்டம் கேட்காத எண்ணைக் கணக்குப் பிரிவு கேட்கிறது. அந்தக் கேள்வியின் விளைவாகப் பொதுப்பணம் சிறு தொழிலரை விட்டு விலகிப் பெருநிறுவனத்தை நோக்கி மட்டுமே பாய்கிறது. இதைக் கொள்கை என்று எவரும் அறிவிக்கவில்லை. ஆயினும் நடைமுறையில் இதுதான் கொள்கை.

ஆகவே என் கோரிக்கைகள் நான்கு. எந்த மின்கருவியையும் கழிவு செய்யுமுன், திறந்து பார்த்துப் பழுது இன்னது என்று எழுதிய ஒரு வரிக் குறிப்பைக் கட்டாயமாக்குங்கள். சிறு தொகைப் பழுதுபார்ப்புக்கு, ஜிஎஸ்டி எண் இல்லாத ரசீதையும் ஆய்வாளரின் சான்றொப்பத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள். கொள்முதல் குறிப்பில், திருகால் திறக்கக்கூடிய கூடும் தனியாக மாற்றக்கூடிய சார்ஜிங் பலகையும் வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்; ஒரு துறை கேட்டால் சிரிப்பார்கள், நூறு துறைகள் கேட்டால் தயாரிப்பார்கள். களஆய்வு முறையியல் வகுப்பில், பதிவுக் கருவியை இயக்கக் கற்பிப்பதோடு, மல்டிமீட்டர் பிடிக்கவும் ஒரு பிற்பகல் கற்றுக்கொடுங்கள். கற்பிக்க வருபவர் நேரு பிளேஸிலிருந்தோ கஃபார் மார்க்கெட்டிலிருந்தோ வரட்டும். விருந்தினர் உரைக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தையே அவருக்கும் கொடுங்கள்.

நண்பர்களே, நாளை உங்கள் துறையின் அலமாரியைத் திறந்து பாருங்கள். மின்னேறாத ஸ்பீக்கர், ஒலிப்பதிவுக் கருவி, டேப்லெட் எத்தனை கிடக்கின்றன என்று எண்ணுங்கள். பல்குச்சியால் சரியானவை எத்தனை, வேறு கேபிளால் சரியானவை எத்தனை, கடைக்குப் போனவை எத்தனை என்று இங்கே எழுதுங்கள். அந்தக் கணக்கைச் சேர்த்துத்தான் நிதி அலுவலருக்கு விண்ணப்பம் எழுத இருக்கிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தில் இத்தகைய ரசீதை ஏற்றுக்கொண்ட முன்னுதாரணம் ஏதேனும் இருந்தால் அதையும் தெரிவியுங்கள். விண்ணப்பத்தோடு இணைக்க அது உதவும்.