மாடி அறையில் இருப்பவள்

பனிமூட்டம். மலைச்சரிவில் ஒற்றை பங்களா. மாடியில் யாரும் திறக்காத ஓர் அறை. இவ்வளவு போதும், வாசகி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவாள். எண்பதுகளில் பஸ் நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களில் எத்தனையோ ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நடந்தன. படித்தவளோ தஞ்சாவூரிலோ சைதாப்பேட்டையிலோ, சோறு வடித்த கையோடு, புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குளிர் அவளுக்குத்தான் தேவைப்பட்டது.

விமர்சகர்கள் இந்த வகைக்கு வைத்த பெயர் தப்பித்தல் இலக்கியம். கன்னடத்தில் பெண்கள் எழுதிய நாவல்களுக்கு இன்னும் இளப்பமான பெயர் உண்டு: சமையலறை இலக்கியம். வாசகி எதிலிருந்து தப்பிக்கிறாள் என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களில் ஒருவர் மைசூரில் இருந்தார். திரிவேணி என்ற பெயரில் எழுதிய அனசூயா சங்கர்.

மைசூர் இந்த ருசிக்குப் பழக்கப்பட்ட ஊர்தான். இளம் வயதில் மிஸஸ் ஹென்றி வுட்டின் 'ஈஸ்ட் லின்' நாவலைத் திரும்பத் திரும்பப் படித்து, தொண்டை அடைக்கக் கண்ணீர் விட்டதை ஆர்.கே. நாராயண் தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பிறகு அவர் மால்குடிக்குக் குடிபோய்விட்டார். அங்கே பேய் பங்களாவுக்கு இடமில்லை. திரிவேணி அந்த பங்களாவைக் காலி செய்யவில்லை. உள்ளே போய் விளக்கைப் போட்டார்.

1928இல் பிறந்தவர். கன்னட மறுமலர்ச்சியின் மூத்தவரான பி.எம். ஸ்ரீகண்டையாவின் தம்பி மகள். கல்லூரியில் உளவியல் படித்தவர். 1953இல் வந்த 'அபஸ்வர'வில் தொடங்கி பத்தே ஆண்டுகளில் சுமார் இருபது நாவல்கள். 'பெக்கின கண்ணு', 'முச்சித பாகிலு', 'தூரத பெட்ட', 'பெள்ளி மோட', 'சரபஞ்சர'. அதாவது பூனைக் கண், மூடிய கதவு, தூரத்து மலை, வெள்ளி மேகம், அம்புகளால் ஆன கூண்டு. தலைப்புகளை மட்டும் படித்தால் ஏதோ மர்ம நாவல் வரிசை என்றே நினைக்கத் தோன்றும்.

'பெள்ளி மோட'வில் இந்த வகையின் எல்லாத் தளவாடங்களும் உண்டு. மலைநாட்டு எஸ்டேட், ஒரே மகள் இந்திரா, அவளை மணக்க வரும் படித்த வாலிபன். பனி இறங்குகிறது, காதல் வளர்கிறது. அப்போது இந்திராவின் அம்மாவுக்கு, வெகு காலம் கழித்து, ஆண் குழந்தை பிறக்கிறது. எஸ்டேட்டுக்கு வாரிசு வந்துவிட்டதால் மாப்பிள்ளையின் காதல் ஆவியாகிவிடுகிறது. பிறகு விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் அவனை இந்திராதான் பராமரிக்கிறாள். மனம் மாறி அவன் மறுபடி கேட்கிறான். மாத நாவல் என்றால் இங்கே ஒரு மாலையும் ஒரு முத்தமும் இருக்கும். இந்திரா முடியாது என்கிறாள். பனிக்குப் பின்னால் இருந்தது பேயல்ல, சொத்துக் கணக்கு.

1967இல் இதைப் படமாக்கியவர் புட்டண்ணா கணகால், நம் பாரதிராஜாவின் குரு. அதற்கு முந்தைய ஆண்டே 'பெக்கின கண்ணு'வை மலையாளத்தில் 'பூச்சக்கண்ணி'யாக எடுத்திருந்தார். 1971இல் 'சரபஞ்சர', கல்பனா நடிப்பில். கன்னடத்தின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.

அந்த நாவலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பூட்டிய அறைக் கதைகளுக்கெல்லாம் பாட்டி, 1847இல் வந்த 'ஜேன் அயர்'. மாடியில் இரவில் சிரிப்பது யார் என்பது மர்மம். விடை, எஜமானரின் பைத்தியக்கார முதல் மனைவி. அவள் வீட்டைக் கொளுத்திவிட்டுச் செத்தால்தான் நாயகிக்குக் கல்யாணம் ஆகும். தமிழில் 1969இல் 'சாந்தி நிலையம்' அதே மாடிப்படியில் ஏறியது. மாடியில் இருப்பவளின் கதை என்ன என்று ஆங்கிலத்தில் ஜீன் ரைஸ் கேட்டது 1966இல், 'வைட் சர்காஸோ ஸீ'யில். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இறந்துபோன திரிவேணி, மைசூரில் உட்கார்ந்து அதைக் கேட்டு முடித்திருந்தார்.

'சரபஞ்சர'வின் காவேரி அழகி, நல்ல இடத்து மருமகள், கணவனுக்குப் பிரியமானவள். பிரசவத்துக்குப் பின் மனம் பேதலிக்கிறது. கல்யாணத்துக்கு முன் நடந்த, வெளியே சொல்ல முடியாத ஒரு சம்பவம் உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் இதற்குப் பிரசவ ஜன்னி என்பார்கள், இல்லையென்றால் பேய் பிடித்தது என்பார்கள். ஆயிரம் பிரசவங்களில் ஒருவருக்கோ இருவருக்கோ வரக்கூடிய நோய், உடனே கவனித்தால் பெரும்பாலும் குணமாகும் என்பது மருத்துவம். காவேரிக்கும் குணமாகிறது.

மர்மக் கதை இங்கேதான் முடிந்திருக்க வேண்டும். திரிவேணிக்கு இங்கேதான் ஆரம்பம். மருத்துவமனையிலிருந்து திரும்பியவள் உரக்கச் சிரித்தால் மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். கோபித்தால் குழந்தையைத் தள்ளி வைக்கிறார்கள். எந்தப் பெண்ணும் சாதாரணமாகச் செய்யும் காரியம், அவள் செய்தால் அறிகுறி. கணவனின் மனம் வேறொருத்தியிடம் போய்விட்டது. அதைக் கண்டுபிடித்துக் கேட்டாலும் பைத்தியம் என்றே பெயர். கடைசியில் எல்லோரும் எதிர்பார்த்தபடியே அவள் மறுபடி நோயாளி ஆகிறாள். குற்றவாளி யார் என்பது வாசகிக்குத் தெரியும். போலீஸ் வராது.

திரிவேணி குறையில்லாத எழுத்தாளர் அல்ல. தற்செயல்களை நிறையவே நம்புகிறார். சில பாத்திரங்கள் உளவியல் வகுப்பு எடுக்கின்றன. ஆனால் வார இதழ் படிக்கிற பெண்ணை, அவளுக்குப் பிடித்த பனிமூட்டத்தைக் காட்டியே கூட்டிப்போய், அவள் வீட்டுக் கூடத்திலேயே கொண்டுவந்து நிறுத்திய சாமர்த்தியம் எத்தனை பேருக்கு வரும்? கனமான நாவல்களை அவள் கையில் எடுத்திருக்கமாட்டாள். இதை எடுத்தாள், தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

(வெறும் பனிக்காகப் படிப்பதும் பாவமல்ல. ரயிலில் எனக்கு அதுவே போதும்.)

திரிவேணி இறந்தது 1963 ஜூலையில். வயது முப்பத்தைந்து நிறையவில்லை. பெண் குழந்தை பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. கல்பனா காவேரியாக நடித்ததை அவர் பார்க்கவில்லை. மைசூர் சாமுண்டிபுரத்தில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அரண்மனையையும் சாமுண்டி மலையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.