டயரும் ஓர் அமானிதமே

சுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும் வேளையில், கம்பத்திலும் போடியிலும் ஜீப்புகள் புறப்பட்டுக்கொண்டிருக்கும். ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பர். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு மலைப்பாதைகளில் ஏறிக் கேரளம் செல்லும் அவர்கள், மாலையில் மழையும் மூடுபனியும் சூழ்ந்த அதே பாதையில் இறங்கி வீடு திரும்ப வேண்டும். போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தனை உயிர்களையும் சாலையோடு பிணைத்து நிற்பவை நான்கு டயர்களே.

பனி உறையும் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்குப் பதிவான கார்களுக்குக் குளிர்கால டயர் கட்டாயம். ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகி, சாலையைப் பற்றும் தன்மை குறைந்துவிடுகிறது. குளிர்கால டயரின் ரப்பரோ அப்போதும் மென்மை மாறாதிருக்கும்.

நம் பள்ளத்தாக்கிற்கு அந்த டயர் தேவையில்லை. ஆயினும், பருவத்திற்கு ஏற்ற டயர் வேண்டும் என்னும் பாடம் நமக்கும் உரியதே. நம் மலைப்பாதையின் ஆபத்து உறைபனியன்று, ஈரம். டயரிலுள்ள பள்ளங்கள் சாலை நீரை வெளியேற்றுகின்றன. பட்டன் தேய்ந்த டயரில் நீர் வெளியேற வழியின்றி, டயருக்கும் சாலைக்கும் இடையே தங்கிவிடுகிறது. வேகம் கூடினால் வண்டி நீரின்மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் பயன் தராது, ஸ்டியரிங்கும் பணியாது.

சோதிப்பது எளிது. கார் டயரின் பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். டயர் அந்த மேட்டின் மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் அதுவரை காத்திராமல் முன்னரே மாற்றுவது நலம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. குறையும். ஆகவே, வண்டி ஓடிச் சூடேறுமுன் காலையிலேயே காற்றை அளந்து பார்க்க வேண்டும். ஸ்டெப்னியையும் மறத்தலாகாது.

"இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" என்று வழுக்கை டயரை ஓட்டுவது சிக்கனமன்று. நம்பி ஏறியவர்களின் உயிர் ஓட்டுநரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மலையேறும் முன், "அத்தா, டயரைப் பார்த்துவிட்டீர்களா?" என்று பிள்ளைகள் கேட்கும் வழக்கம் நம் இல்லங்களில் வளரட்டும்.